நான் அடைத்த இரண்டு ஓட்டைகள்

மேலகரத்தில் என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. ஜீப் மாதிரி உயரமான வண்டிகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறார்கள். அங்கே சுவரில் அடித்தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கரடுமுரடான பாதையில் போகிற வண்டியின் வயிற்றுக்குக் கீழே, என்ஜினுக்கும் பாறைக்கும் நடுவில் பூட்டுகிற தகடு அது. கடையில் ஸ்கிட் பிளேட் என்று சொன்னால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சிவப்பு, கறுப்பு, பளபளவென்று வெள்ளி நிறம் என்று எல்லாம் இருக்கிறது. வண்டிக்கு அடியில் கிடக்கப்போகிற சாமானுக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கடைக்காரரிடம் கேட்டேன். "போட்டோ எடுத்துப் போடுதாங்க அண்ணாச்சி" என்றார்.

என்னோடு வேலை பார்த்தவர்களில் நாலைந்து பேர் இப்போது தென்காசியிலும் செங்கோட்டையிலும் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்களிடமும் இந்த வண்டிகள் வருகின்றன. வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து, அலுமினியமா இரும்பா, எத்தனை மில்லி போடலாம் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் தகட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஜெசிந்தா மேடத்தைப் பற்றி எழுதாமல் தீராது. எனக்கு மேலதிகாரியாக இருந்தவர். என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவர். இந்த வேலையில் நான் அண்ணாந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. முடித்து, தென்காசியில் ஒரு லாரிப் பட்டறையில் ஆறு வருஷம் கரி பூசிக்கொண்டேன். அப்புறம் மலைத்தோட்டம் ஒன்றின் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். பட்டறை அடிவாரத்தில். கிராம்பும் மிளகும் ஏலமும் விளைகிற தோட்டம் மேலே. தோட்டத்து லயன் வீடுகளில் முப்பது குடும்பங்கள் இருந்தன. அரிசி மூட்டையிலிருந்து காய்ச்சல்காரர்கள் வரை ஏற்றி இறக்க நான்கு ஜீப்புகள். அவற்றை ஓட வைப்பது என் வேலை.

பாதை என்று சொல்கிறேனே தவிர, அது பாறையும் வேரும் ஓடைகளும் சேர்ந்த ஒரு ஏற்பாடு. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் சந்தோஷமாக வருவார்கள். எங்களுக்கு அதே சாரல்தான் பயம். கல் எல்லாம் வழுக்கும். டயர் சறுக்கி, வண்டியின் அடிவயிறு பாறையில் போய் உட்காரும். என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற சம்பு என்ற தொட்டி இருக்கிறது. அதில் விரிசல் விட்டால் ஆயில் போய்விடும். ஆயில் போனால் என்ஜின் இறுகிவிடும். அப்புறம் அது வண்டியில்லை, வெறும் இரும்பு.

அதனால் நான் அடித்தகடு போட்டேன். பழைய லாரியின் சேஸிஸ் சட்டத்தில் வெட்டியெடுத்த ஆறு மில்லி இரும்பு. முன் பம்பரிலிருந்து கியர் பாக்ஸ் தாண்டி ஒரே துண்டு. தட்டினால் கணீரென்று இருக்கும். டிரைவர்கள் எனக்குக் கவசம் சண்முகம் என்று பேர் வைத்திருந்தார்கள். கேட்காததுபோல நடப்பேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். எது நல்ல தகடு என்று யார் கேட்டாலும் இருபது வருஷமாக என் பதில் ஒரே வார்த்தைதான்: "கனமானது."

அந்தக் கவசத்தின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். கனம் தாங்காமல் முன் ஸ்பிரிங் தணிந்துபோகும். தணிந்ததால் இன்னும் அதிகமாக இடிக்கும். இடிக்கிறதே என்று நான் இன்னும் ஒரு பட்டையை வெல்டிங் வைப்பேன். இப்படி நானே நோயைக் கொடுத்து நானே மருந்தும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா மேடம் பட்டறைப் பொறுப்பாளராக வந்தார். பாவூர்சத்திரத்துக்காரர். அப்பாவுக்கு அங்கே காய்கறி மண்டி. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு வெளியூரில் ஒரு கம்பெனியில் இருந்தவர். ஒல்லியாக, தோளில் ஒரு துணிப்பையுடன் வந்து நின்றார். பையிலிருந்து டிபன் பாக்ஸ் வரும் என்று நினைத்தேன். ஒரு டார்ச், ஒரு சாக்பீஸ், நாலாக மடித்த அட்டை, இவைதான் வந்தன. அட்டையைத் தரையில் விரித்து, யாரையும் கேட்காமல் ஒரு ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, இந்த வண்டி எங்கன இடிக்குது?"

"எல்லா இடத்துலயும் இடிக்கும் மேடம். மலைல்லா" என்றேன்.

"எல்லா இடத்துலயும் இடிச்சா வண்டி போகவே செய்யாதே. எங்கன இடிக்குதுன்னு பாப்போம்."

குரலில் கேலி கிடையாது. அவர் கடைசி வரை அப்படித்தான். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அதில் எது நமக்குத் தெரியாது என்பதை மட்டும் மெதுவாக எடுத்து நம் முன்னால் வைப்பார். முதல் மாதம் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

எங்கே இடிக்கிறது என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். பழைய தகட்டைக் கழற்றச் சொன்னார். அடிப்பக்கம் முழுவதையும் கழுவி, காயவைத்து, சுண்ணாம்பு பூசச் சொன்னார். "வண்டி ஒரு தடவை மேல போய்ட்டு வரட்டும். எங்கன சுண்ணாம்பு உரிஞ்சிருக்கோ அங்கனதான் இடி" என்றார். சாரலில் சுண்ணாம்பு நிற்குமா என்று நான் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். முதல் ஓடையிலேயே மொத்தமும் கரைந்து, ஜீப் குளித்துவிட்டு வந்தது. மேடம் குனிந்து பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "இது தெரிஞ்சும் சொல்லாம நின்னீங்கல்லா அண்ணாச்சி? அடுத்த தடவை சொல்லிருங்க" என்றார். தன் யோசனை சொதப்பியதற்கு அப்படிச் சிரிக்கிற அதிகாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த முறை மஞ்சள் எனாமல் பெயிண்ட். இரண்டு பூச்சு பூசி, ஒரு நாள் காயவிட்டோம். இதற்காக மெல்லிய பழைய தகரம் ஒன்றை வளைத்துத் தற்காலிகமாகக் கட்டி, அதன் மேலும் பெயிண்ட் அடித்தோம். ஜீப் மெதுவாக மேலே போய்த் திரும்பியது. பட்டறையில் ஆள் இறங்கி நிற்கிற குழியின் மேல் வண்டியை நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தோம். இருபது வருஷமாக எல்லா இடத்திலும் இடிக்கும் என்று நான் சத்தியம் செய்த வண்டி மூன்றே இடத்தில்தான் இடித்திருந்தது. சம்புக்கு முன்னால் ஒரு சாண் அகலத்தில் பெயிண்ட் சுத்தமாக உரிந்துபோயிருந்தது. கியர் பாக்ஸுக்கு அடியில் இரண்டு கீறல். பெட்ரோல் டாங்கின் ஓரத்தில் ஒரு சின்ன உரசல். மற்ற இடமெல்லாம் அடித்த பெயிண்ட் அடித்தபடி இருந்தது. அங்கெல்லாம் நான் ஆறு மில்லி இரும்பைச் சுமக்கவிட்டிருந்தேன்.

அலுமினியம் போடலாமா என்ற பேச்சும் அப்போது வந்தது. கனம் குறைவு, துருவும் பிடிக்காது. மேடம் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அலுமினியத்தில் ஒரு துண்டு, இரும்பில் ஒரு துண்டு, ஒரே அளவில் வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் அரிசி மூட்டையைக் கட்டி, ஓடைப் பாறையில் ஜீப்பால் இழுக்கச் சொன்னார். இரும்பு கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு போனது. அலுமினியம் பாறையில் பதிந்து, பிடித்துக்கொண்டு நின்றது. "பாறையில ஏறி உக்காந்த வண்டி வழுக்கி இறங்கணும். ஒட்டிக்கிடக் கூடாது. நமக்கு இரும்பு" என்றார். அலுமினியத்தை நான் குறை சொல்லவில்லை. தேரிக்காட்டு மணலில் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரியாக இருக்கும். பட்டறை வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வண்டி எந்தத் தரையில் ஓடப்போகிறது என்று தெரியாமல் உலோகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பிறகு அட்டையில் தகட்டின் உருவத்தை வரைந்து, கத்தரித்துக் கையில் கொடுத்தார். சம்புக்கும் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். தகட்டை என்ஜினில் பூட்டாமல் சேஸிஸில் மட்டும் பூட்ட வேண்டும். அடி விழுந்தால் சேஸிஸ் வாங்கட்டும். முன் விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். போல்ட்டுகளின் தலை தகட்டுக்குள் புதைய வேண்டும். இல்லாவிட்டால் பாறை அதைச் சீவிவிடும். எல்லாம் எனக்குப் புரிந்தது. இரண்டு விஷயம் மட்டும் பிடிக்கவில்லை. ஆயில் இறக்குகிற நட்டுக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. பின் விளிம்பு ஓரம் மூன்று விரல் அகலத்தில் ஒரு நீள ஓட்டை.

"இந்த ரெண்டும் முக்கியம் அண்ணாச்சி. மறந்துராதீங்க" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே ஊருக்குப் போனார். அவருடைய அப்பாவுக்கு மண்டியில் வைத்து நெஞ்சுவலி வந்து, திருநெல்வேலியில் சேர்த்திருந்தார்கள். ஒரு வாரம் லீவு.

அந்த ஒரு வாரத்தில் நான் செய்ததுதான் இந்தக் கட்டுரை.

அட்டையை இரும்பின் மேல் வைத்தேன். வெளி உருவத்தை அப்படியே வரைந்தேன். ஓட்டைகளிடம் வந்ததும் சாக்பீஸ் நின்றுவிட்டது. கவசத்தில் ஓட்டை போடுவானா எவனாவது? அந்த ஓட்டை வழியாக ஒரு கூர்ங்கல் குத்தினால் சம்பு என்ன ஆகும்? படித்த பிள்ளை, மலையைப் பார்த்து நாலு மாதம்கூட ஆகவில்லை என்று நினைத்தேன். ஓட்டை போடவில்லை. அதோடு விட்டேனா? பலமாக இருக்கட்டும் என்று பக்கவாட்டிலும் பின்னாலும் இரண்டு அங்குலம் மடித்து நிறுத்தினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அது தகடு இல்லை, தாம்பாளம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாம்பாளத்தை இசக்கிமுத்துவின் ஜீப்பில் பூட்டி மலைக்கு அனுப்பிவிட்டேன்.

மேடம் திரும்பி வந்ததும், முடித்த வேலையை எழுதுகிற ஜாப் கார்டை நீட்டினேன். "அட்டைப்படி செஞ்சாச்சா அண்ணாச்சி?" என்றார். "செஞ்சாச்சு மேடம்" என்றேன். வண்டி மேலே இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

இசக்கிமுத்து தோட்டத்து டிரைவர்களில் நிதானமானவன். குடும்பத்தோடு லயன் வீட்டில் குடியிருந்தான். ஜீப்பும் மேலேயே அவன் வீட்டு வாசலில் நிற்கும். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால், குனிந்து ஜீப்புக்கு அடியில் தரையைப் பார்ப்பான். எங்கள் டிரைவர்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தரையில் ஒரு சொட்டுக் கறுப்பு தெரிந்தால் வண்டியை எடுக்க மாட்டார்கள்; எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். திங்கட்கிழமை தோறும் குச்சியை உருவி ஆயில் அளவு பார்ப்பது தோட்டத்து விதி. மற்ற நாட்களுக்குத் தரைதான் சாட்சி. அந்தப் பழைய வண்டிகளில் ஆயில் விளக்கு எரியாமல் போய் வருஷக்கணக்காகியிருந்தது. அதுவும் எங்கள் பட்டறை லட்சணம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, கிராம்பு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு இசக்கி கீழே வந்துகொண்டிருந்தான். பாதி வழியில் என்ஜின் இறுகி வண்டி நின்றுவிட்டது. மழையில் அந்த மனிதரைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் கால் சரியாகிவிட்டது. ஆனால் தோட்டத்து முதலாளிக்கு விஷயம் போய்விட்டது. டிரைவர் ஆயில் பார்க்காமல் வண்டி ஓட்டியிருக்கிறான், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று தகவல் வந்தது.

வேலை போனால் லயன் வீடும் போகும். இசக்கியின் மகள் தலைப்பிரசவத்துக்குக் கடையத்திலிருந்து வந்து அந்த வீட்டில்தான் இருந்தாள். இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன் பட்டறை வாசலில் ஈரத்தோடு நின்று, "நான் தெனமும் கீழ பாத்தேன் மேடம். சத்தியமா ஒரு சொட்டு இல்ல" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டிய ஒருவன் நான். நான் போடாமல் விட்ட ஓட்டைகள் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை ஜீப்பைக் கட்டி இழுத்து வந்தார்கள். மேடம் வருவதற்கு முன்னால் தகட்டைக் கழற்றி ஒரு ஓரமாகப் போட்டுவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும். குழிக்குள் ஒரு கால் வைக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"யாரும் கழட்டாதீங்க. நான் மொதல்ல பாக்கணும்."

அவர் வேலை செய்த விதத்தை இப்போதும் வரி வரியாகச் சொல்ல முடியும். வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தார். அடியில் அகலத் தட்டு ஒன்றை வைக்கச் சொன்னார். முன் போல்ட்டுகளைத் தொடாமல், பின் போல்ட்டுகளை மட்டும் அரை அரைச் சுற்றாக நெகிழ்த்தினார். தகடு பின்பக்கம் சாய்ந்தது. முதலில் சேறு வந்தது. அப்புறம் ஊறிப்போன இலைகள். அப்புறம் கறுப்பாக ஆயில். கொட்டிக்கொண்டே இருந்தது. வடிகட்டி அளந்தார். ஒன்றரை லிட்டருக்கு மேல் இருந்தது. ஆயில் இறக்குகிற நட்டின் வாஷர் தேய்ந்து, நாலு நாளாகக் கசிந்த ஆயிலை என் தாம்பாளம் வாசலில் ஒரு சொட்டுக்கூட விழாமல் ஏந்தி வைத்திருந்தது. ஓட்டைகள் இருந்திருந்தால் முதல் சொட்டே தரையில் தெரிந்திருக்கும். மிச்சம் ஏற்ற இறக்கத்தில் வழியில் சிந்தியிருக்கும். மழையில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

இசக்கி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவன் என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டார். எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு, "அண்ணாச்சி, அட்டை எங்க?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தகட்டின் மேல் பொருத்தினார். வெளி விளிம்பு மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அட்டையில் இருந்த இரண்டு ஓட்டைகள் வழியாகவும் இரும்பு தெரிந்தது.

"வெட்டுனது எவ்வளவு சுத்தமா இருக்கு, பாருங்க" என்றார். நிஜமாகவே பாராட்டினார். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம். "ஓட்டை ஏன் வேணும்னு நான் ஒங்களுக்குச் சொல்லல. முக்கியம்னு மட்டும் சொல்லிட்டுப் போய்ட்டேன். திங்கக்கிழமை முதலாளி வாராக. நான் ரிப்போர்ட் எழுதணும். நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் படுத்தே கிடந்தேன். என் மனைவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இசக்கி கை கட்டி நின்றான். மேடம் ரிப்போர்ட்டை நின்றுகொண்டே வாசித்தார். முதல் வரியே இதுதான்: "பொருத்திய தகட்டை நேரில் பார்க்காமல் ஜாப் கார்டில் கையெழுத்திட்டது என் தவறு." இரண்டாவது வரியில் தகட்டின் அமைப்பு. மூன்றாவதில் ஆயில் அளவு. நான்காவதில், ஓட்டுநர் வழக்கப்படி சோதித்திருக்கிறார், கசிவு தரையில் தெரிய வழியில்லை. என் பேர் எந்த வரியிலும் இல்லை. வாசித்துவிட்டு மடித்து மேஜையில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் திரும்பிப் பார்த்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. அந்தப் பெண் என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நேராக நின்ற விதம் என்னை உலுக்கிவிட்டது.

"முதலாளி, மேடம் ஓட்டை போடச் சொன்னாவ. நான்தான் போடல. கேட்டப்ப, போட்டாச்சுன்னு பொய்யும் சொன்னேன்" என்றேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ டிரைவருக்குப் பதிலா ஒங்க ரெண்டு பேரையும் அனுப்பணுமா?"

"டிரைவர அனுப்பக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு உறுதியா வேணும். எங்க விஷயம் ஒங்க இஷ்டம்" என்றார் மேடம். அதே மெதுவான குரல்.

எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. என்னுடையதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இசக்கிக்கு வேலை நிலைத்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், இசக்கி வாசலில் நின்று ஒன்று சொன்னான்.

"என்ஜின் மாத்தித் தந்தாலும் அந்த வண்டிய நான் எடுக்க மாட்டேன் மேடம். அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாத வண்டியில ஆள ஏத்த மாட்டேன்."

மேடம் சமாதானம் சொல்லவில்லை. "சரி. அப்போ நீங்களே சொல்லுங்க, எப்படி இருக்கணும்னு" என்றார்.

எங்கள் தொழிலில் டிரைவரிடம் போய்த் தகட்டின் அமைப்பைக் கேட்கிற வழக்கம் கிடையாது. அவன் ஓட்டுவான், உடைப்பான். நாங்கள் திட்டிக்கொண்டே சரி செய்வோம். மேடம் இன்னொரு அட்டையை ஜீப்புக்கு அடியில் விரித்து இசக்கியைப் படுக்கச் சொன்னார். பக்கத்தில் அவரும் படுத்தார். நான் டார்ச் பிடித்தேன். இசக்கி முதலில் கூச்சப்பட்டான். அப்புறம் விரல் நீட்டிப் பேச ஆரம்பித்தான். "காலைல நான் டிரைவர் பக்கத்துல இருந்துதான் குனிஞ்சு பாக்கது. ஓட்டை இங்கன இருந்தா எனக்குத் தெரியாது. இன்னும் இந்தால வரணும்" என்றான். இலை அடைப்பது கியர் பாக்ஸ் பக்கம்தான், அங்கே மூடாதீர்கள் என்றான். மேடம் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் குறி வைத்தார். தன் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தார்.

ஒரே துண்டு மூன்று துண்டானது. சம்புக்கு ஐந்து மில்லி, கியர் பாக்ஸுக்கு நாலு மில்லிப் பட்டைகள் இடைவெளி விட்டு, டாங்கின் ஓரத்தில் ஒரு வளைந்த குழாய். மொத்தக் கனம் என் கவசத்தில் பாதிதான் வந்தது. என்ஜினை மாற்றிவிட்டு நான் தகட்டை வெட்டிப் பூட்டினேன். இசக்கி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றான். ஓட்டை இரண்டு விரல் தள்ளியிருந்தது. மேடம் என்னைப் பார்த்து, "கழட்டிருங்க அண்ணாச்சி" என்றார். கழற்றினேன். இரண்டாவது முறையும் வேண்டாம் என்றான். ஒரு விளிம்பில் சேறு தங்குமாம். திரும்பவும் கழற்றினேன். இத்தனை நாளிலும் அவன் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. மேடத்திடம் சொல்வான், மேடம் என்னிடம் சொல்வார். வாங்கிக்கொண்டேன். எனக்கு அது வேண்டியதுதான்.

மூன்றாவது தகட்டுக்கு இசக்கி வேண்டாம் என்று சொல்லவில்லை; எழுந்து கை கழுவினான். மேடம் ஜாப் கார்டில் இரண்டு கையெழுத்துக்குக் கீழே ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, "ஓட்டுநர்" என்று எழுதி அவன் முன்னால் வைத்தார். அந்த முதல் வண்டிக்குப் பிறகு எங்கள் பட்டறையில் டிரைவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. பிற்பாடு மேடம் பெரிய வேலை கிடைத்துப் போனார். அந்தக் கோடு இருந்தது. போன் செய்து கேட்கிறவர்களுக்கு என் பதிலும் அதுதான். எத்தனை மில்லி என்பது அப்புறம். வண்டி எங்கே இடிக்கிறது என்று பெயிண்ட் அடித்துப் பாருங்கள். ஓட்டப்போகிறவரைக் கூட்டி வந்து அடியில் படுக்க வையுங்கள். அவர் வேண்டாம் என்றால் கழற்றுங்கள்.

கோடு போட்ட அன்று இசக்கி உடனே கையெழுத்துப் போடவில்லை. ஒரு தடவை மேலே போய் வந்து போடுகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலையில் தகட்டின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்க்க நான் ஸ்பேனரோடு தோட்டத்துக்கு ஏறிப் போனேன். நல்ல சாரல். லயன் வீட்டு வாசலில் ஜீப் இறங்கும் பாதையைப் பார்த்துத் திரும்பி நின்றது. இசக்கியின் மனைவி ஒரு பையையும் பிளாஸ்கையும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். நானும் கூடவே இறங்கலாம் என்று முன் சீட்டுக் கதவுப் பக்கம் போனேன். இத்தனை நாளுக்கு அப்புறம் இசக்கி என்னிடம் பேசினான்.

"பின்னால ஏறிக்கிடுங்க அண்ணாச்சி. முன்னால மவ உக்காரணும். நேத்தே வலி மாதிரி இருக்குன்னா. தென்காசியில சேத்துரணும்."

போல்ட்டைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "நான் பாத்துட்டேன்" என்றான்.

பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு வண்டி இருந்தது. மழை விடும்வரை காத்திருந்திருக்கலாம். அவன் இந்த வண்டியைத்தான் எடுத்தான். இரண்டாவது ஓடையில் டயர் சறுக்கி, அடியில் தகடு பாறையில் ஏறி நீளமாக உரசிக்கொண்டு போனது. அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்தாள். நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இசக்கி வண்டியை நிறுத்தவில்லை.